பட்டுப்போன தென்னையை அரைத்தால் மெஷின் அடைத்துக்கொள்கிறது: பிளேடா, பெல்ட்டா, வேறு ஏதாவதா?

பேராவூரணி_தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். பேராவூரணி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தோப்பில் பாதி சாய்ந்துவிட்டது. தப்பித்து நின்ற மரங்களில் இப்போது தஞ்சாவூர் வாடல் நோய் விழுந்து, ஒன்று மாற்றி ஒன்று பட்டுக்கொண்டு வருகிறது. பட்ட மரத்தை வெட்டி அப்படியே போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைத்துப் பெருகி, நல்ல மரத்தின் குருத்துக்குப் போய்விடுகிறது. கஜாவுக்குப் பிறகு விழுந்த மரங்களை அகற்ற முடியாமல் கிடந்த தோப்புகளில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் அரைத்துத் தூளாக்கி மண்ணுக்கே கொடுத்துவிடலாம் என்று, டிராக்டர் பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் சுழன்று மற்ற மெஷினை ஓட்டும் தண்டு) ஓடும் டிரம் வகை மர அரவை மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினோம்.

டிராக்டர் 42 ஹெச்.பி. மெஷின் தகட்டில் 540 ஆர்.பி.எம்., 35 முதல் 50 ஹெச்.பி., மரம் 6 அங்குல கனம் வரை என்று போட்டிருக்கிறது. பச்சை மட்டை எவ்வளவு போட்டாலும் சிரமம் இல்லாமல் போகிறது. பிரச்சினையெல்லாம் பட்ட மரத்தில்தான். தண்டைச் செயின்சாவில் நான்காகப் பிளந்து, கை கனத்துக்குக் குறைத்துத்தான் விடுகிறோம். முதல் சில துண்டுகள் சத்தமாக அரைபட்டுப் போகும். அப்புறம் சத்தம் கம்மியாகி, ரப்பர் கருகிய வாடை வந்து, டிரம் நின்றுவிடும்.

திறந்து பார்த்தால் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, தூள் வெளியே வரும் குழாயின் வளைவில் ஈரமான பழுப்புச் சக்கை இடித்து வைத்ததுபோல் கெட்டியாக அடைத்திருக்கும். இன்னொன்று, உள்ளே இழுக்கும் ரோலரின் இரண்டு ஓரத்திலும் நார் சுற்றி, பேரிங் வரைக்கும் இறுகியிருக்கும். பிளேடைப் பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்தாகிவிட்டது. குழாயில் இருக்கும் வளைவு முன்பு வைத்திருந்தவர் டிரெய்லரில் நேராக விழுவதற்காக வெல்டிங் வைத்தது.

எனக்குப் பெரிய கவலை வேறு. அடைத்தவுடன் வேலைக்கு வரும் தம்பி காலால் உதைத்துத் தள்ளுகிறார். அப்பா தென்னங்கழி விட்டுக் குத்துகிறார். சொன்னால் கேட்பதில்லை. அடைப்பே வராமல் செய்ய வழி உண்டா? இல்லை, பட்ட தென்னைக்கு இந்த மெஷினே தோதுப்படாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரூர்_மெக்கானிக்

ரப்பர் வாடை வருகிறது என்றால் வி-பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் அது இனிப் பிடிக்காது, மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக, மூன்று இருந்தால் மூன்றையும் மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் பாரம் முழுவதும் புதுசின் மேலேயே விழும். பெல்ட் வழுக்கினால் என்ஜின் ஓடும், டிரம் ஓடாது. வெளியே சத்தத்தை வைத்து நீங்கள் முழு வேகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மரத்தைத் தள்ளுவீர்கள்.

இன்னொன்று. பி.டி.ஓ. ஷாஃப்டில் ஷியர் போல்ட் இருக்கிறதா பாருங்கள். அடிக்கடி ஒடிகிறது என்று யாராவது லேசில் ஒடியாத ஹை டென்சில் போல்ட் போட்டிருந்தால் உடனே கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன தரத்திலேயே போடுங்கள். அது ஒடிவதற்காகவே வைத்த போல்ட். அது ஒடியாவிட்டால் கியர்பாக்ஸ் ஒடியும்.

---

ஆனைமலை_அரவை

வணக்கங்க. பொள்ளாச்சி, ஆனைமலை சுற்று வட்டாரத்தில் தோப்புத் தோப்பாகப் போய் அரைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இங்கே கேரள வேர் வாடல் வந்து வெட்டுகிற மரம் ஏராளம். அதனால் பட்ட தென்னையோடுதான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளணும். வேம்பு, வாகை மாதிரி மரத்தில் உள்ளே போகப் போக வைரம். தென்னையில் நேர் எதிர். வெளிச்சுற்றுதான் வைரம், நடுவில் சோறு. உயிரோடு இருக்கும்போது இரண்டும் ஒன்றாகப் பிடித்து நிற்கும். பட்டு, ஒரு மழைக்காலம் நின்றுவிட்டால் வெளிவைரம் காய்ந்து இரும்பாகிவிடும், நடுச்சோறு தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கும். ஆக ஒரே துண்டுக்குள் இரண்டு விதமான பொருளை நீங்கள் மெஷினுக்குள் விடுகிறீர்கள். வைரம் பிளேடைத் தின்கிறது, சோறு குழாயை அடைக்கிறது. உங்கள் குழாய் வளைவில் இருந்த பழுப்புச் சக்கை அந்தச் சோறுதான்.

சோறு அரைபடுவதில் கஷ்டமே இல்லைங்க, வெளியே போவதில்தான் கஷ்டம். இந்த மெஷினில் தூளை வெளியே தள்ளுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. டிரம்மோடு சேர்ந்து சுற்றும் வீசு தகடும், அது கிளப்புகிற காற்றும்தான் தள்ளுது. வேகம் குறைந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் ஈரத்தூள் குழாயின் முதல் வளைவிலேயே ஒட்டும். ஒரு கைப்பிடி ஒட்டினால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதன் மேல் வந்து அடையும். அதனால் நான் முதலில் கேட்பது: டிராக்டரை எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள்? டீசல் மிச்சமாகட்டும் என்று பாதி த்ராட்டிலில் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். என்ஜின் மீட்டரில் பி.டி.ஓ. 540க்கு என்று ஒரு குறி இருக்கும், ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு இடத்தில். முள் அந்தக் குறிக்கு வந்த பிறகுதான் முதல் துண்டு உள்ளே போகணும். ஒரு துண்டு போனதும் சத்தம் இறங்கும். மறுபடி ஏறி பழைய சத்தத்துக்கு வருகிற வரைக்கும் அடுத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கணும். காதுதான் இதற்கு மீட்டர்.

அடுத்தது அந்த வெல்டிங் வளைவு. அதை எடுத்துவிடுங்க. கம்பெனி கொடுத்த குழாயே ஒரு தடவை வளைந்துதான் வருது. அதற்கு மேல் இன்னொரு வளைவு என்றால் ஈரத்தூளுக்கு அது கதவைச் சாத்தியது மாதிரி. டிரெய்லரில் விழணும் என்றால் டிரெய்லரை நகர்த்தி நிறுத்துங்க, குழாயை வளைக்க வேண்டாம். கழற்றும்போது உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்க, வெல்டிங் மணி உள்ளே துருத்திக்கொண்டு இருந்தால் அதையும் கிரைண்டர் போட்டுச் சமன் செய்யுங்க. நார் முதலில் மாட்டுவது அங்கேதான். தரையில் கொட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும்: குவியல் வளர்ந்து குழாய் வாயைத் தொட்டாலே வெளியிலிருந்து உள்ளே அடைத்துக்கொண்டு வரும்.

வீசு தகட்டையும் பாருங்க. பழைய மெஷின் என்கிறீர்கள். தகட்டின் நுனி தேய்ந்து, டிரம் மூடிக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், எவ்வளவு வேகம் வைத்தாலும் ஈரத்தூள் அடியிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

இப்போது மரத்தைத் தயார் செய்வது. வெட்டிய உடனே அரைக்காதீங்க. பிளந்து, சோற்றுப்பக்கம் வானத்தைப் பார்க்கிற மாதிரி கட்டை மேல் தூக்கி வைத்து வெயிலில் விடுங்க. கையால் பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது, அந்தப் பதம் போதும். முழுக்கக் காய வேண்டியதில்லை. முடிந்தால் சோற்றை மண்வெட்டியாலேயே செதுக்கித் தனியாக எடுத்துவிடுங்க. அது மெஷின் தேவையில்லாமலே குழியில் மட்கிப்போகும். வைரப் பட்டையை மட்டும் மெஷினுக்கு விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. செதுக்க ஆள் இல்லை என்றால், சோறு உள்ள துண்டு ஒன்று விட்டால் அடுத்து காய்ந்த கிளை இரண்டு விடுங்க. வேம்பு, கிளுவை, சவுக்கு எது கிடைத்தாலும் சரி. காய்ந்த சில்லு போகிற போக்கில் குழாயைத் துடைத்துக்கொண்டு போகும்.

ரோலரில் நார் சுற்றுவது வேறு கதை. அது தண்டால் வருவது இல்லை, பன்னாடையால் வருவது. மட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பன்னாடையையும் காய்ந்த பாளையையும் உரித்துவிட்டுத்தான் உள்ளே விடணும். பட்ட மரத்தின் கொண்டையில் இது பொதி பொதியாக இருக்கும். பச்சை மட்டையில் உங்களுக்குச் சிரமம் வராததற்குக் காரணம், பச்சை நார் கத்தியில் சட்டென்று அறுந்துவிடும், காய்ந்த நார் மடங்கிக் கத்தியைத் தாண்டிவிடும். மட்டையை எப்போதும் அடிப்பக்கம் முன்னால் போகிற மாதிரி விடுங்க. கீற்று முன்னால் போனால் அது பக்கவாட்டில் விரிந்து ரோலர் ஓரத்துக்குத்தான் போகும். பனி காயாத காலை நேரத்தில் ஓலை அரைக்காதீங்க.

பிளேடு விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் சாணை பிடித்தது சரி, திரும்ப மாட்டும்போது இடைவெளி வைத்தார்களா? சாணை பிடிக்கப் பிடிக்கப் பிளேடு குட்டையாகும், அதற்கேற்ப முன்னால் தள்ளி மாட்டணும். பிளேடு நுனிக்கும் கீழே நிற்கிற எதிர் பிளேடுக்கும் நடுவில் எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. சுற்றில். ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இரண்டு ஓரத்திலும் நடுவிலும் பார்க்கணும். இடைவெளி கூடினால் தென்னை வைரம் வெட்டுப்படாமல் ஈர்க்கு மாதிரி சிம்பு சிம்பாகக் கிழிந்து வரும். அந்தச் சிம்பு குறுக்கே நின்றால் மற்றதெல்லாம் அதன்மேல் அடையும். உங்கள் தூளை ஒரு கை அள்ளிப் பாருங்க. சதுரம் சதுரமாகச் சில்லு இருந்தால் பிளேடு நன்றாக வெட்டுது. நீள நீளமாகச் சிம்பும் மாவும் கலந்து இருந்தால் பிளேடு மழுங்கியிருக்கு அல்லது இடைவெளி கூடியிருக்கு.

பட்ட மரத்தில் பிளேடு சீக்கிரம் மழுங்க முக்கியக் காரணம் கறையான். மரத்தின் மேல் ஏறின புற்றுமண் அப்படியே வரி வரியாக ஒட்டியிருக்கும், உள்ளே பொந்திலும் மண் இருக்கும். அந்த மண்ணோடு விட்டால் அரைமணி நேரத்தில் கத்தி போய்விடும். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டி உதிர்த்துவிட்டு விடுங்க. தண்டைத் தரையில் இழுத்துக்கொண்டு வராமல் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்க. மரத்துக்கு நம்பர் தகடு அடித்த ஆணி, எலி ஏறாமல் கட்டின தகரம், கொடி கட்டின நைலான் கயிறு, எல்லாம் பார்த்து எடுக்கணும்.

கடைசியாக, நீங்கள் கவலைப்பட்ட விஷயம். அதைத்தான் நான் முதலில் எழுதியிருக்கணும். காலால் தள்ளுவதை இன்றைக்கே நிறுத்துங்க. இழுக்கிற ரோலர் ஒரு நொடியில் முழங்கால் வரைக்கும் இழுத்துவிடும், அலறினாலும் டிராக்டர் மேல் இருப்பவர் காதில் விழாது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கை மணிக்கட்டில் தொளதொள உறை, எதுவும் மெஷின் பக்கத்தில் வேண்டாம். சின்னத் துண்டைத் தள்ள நீளமான மரக்கிளையையே வைத்துக்கொள்ளணும், அது உள்ளே போனாலும் அரைபட்டுப் போகும். கம்பி, கடப்பாரை கூடவே கூடாது.

அடைத்துவிட்டால் பி.டி.ஓ.வை நிறுத்தி, என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து யார் கை வைக்கப் போகிறாரோ அவர் பையிலேயே போட்டுக்கொள்ளணும். டிரம் கனமானது, நிறுத்திய பிறகும் வெகு நேரம் சுற்றும். சத்தம் நின்றதை வைத்து முடிவு செய்யாதீங்க, சுற்றுவது நின்றதைக் கண்ணால் பார்க்கணும். அப்புறம் பி.டி.ஓ. ஷாஃப்டை டிராக்டரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். திறந்ததும் டிரம்முக்கு ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுப்பேன். ஏன் என்றால் அடைப்பில் டிரம் இறுகி நிற்கும், அந்தச் சிம்பை எடுத்த கணம் அது கால் சுற்று திரும்பும். பிளேடு அந்தக் கால் சுற்றிலேயே விரலை எடுத்துவிடும். சக்கையைக் கொக்கியால் இழுத்து எடுக்கணும், கை உள்ளே போகக்கூடாது. எல்லாம் எடுத்த பிறகு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து, டிரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று ஷாஃப்ட் பக்கமிருந்து திருப்பிப் பார்த்துவிட்டு, மூடி போல்ட்டை இறுக்கி, அப்புறம்தான் ஸ்டார்ட். அரைகுறையாக எடுத்துவிட்டு, "மிச்சத்தை மெஷினே தள்ளிவிடும்" என்று ஓட்டுகிற பழக்கத்தால்தான் பெல்ட் கருகுது.

---

மன்னார்குடி_அக்கா

ஆனைமலைத் தம்பி மெஷினைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுடையது தஞ்சாவூர் வாடல் என்கிறீர்கள். அவர் ஊர் வேர் வாடலும் இதுவும் ஒன்றல்ல. அங்கே ஃபைட்டோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரி, பூச்சி மூலம் பரவுவது. நம் ஊரில் கானோடெர்மா பூஞ்சை, மண்ணிலும் வேரிலும் அடித்தண்டிலும் இருந்துகொண்டு பக்கத்து மரத்துக்குப் போவது. அடித்தண்டில் வெடித்துச் செம்பழுப்புச் சாறு வடிந்திருக்கும், சில மரத்தில் அடியில் காளான்கூட முளைத்திருக்கும்.

அந்த அடிப்பகுதியைத் தயவுசெய்து மெஷினுக்கு விடாதீர்கள். விட்டால் நோயைத் தூளாக்கித் தோப்பு முழுக்க நாமே தூவியதாக ஆகும். தண்டை அறுக்கும்போது குறுக்குவெட்டைப் பாருங்கள். பழுப்பு நிறம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து அறுத்து, அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். எரிக்க மனம் வரவில்லை என்பது புரிகிறது, எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு பாகத்துக்கு வேறு வழி இல்லை. மேல்தண்டையும் மட்டையையும் தாராளமாக அரையுங்கள். செயின்சாவில் அடியை அறுத்த பிறகு சங்கிலியைத் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

நிற்கிற மரங்களுக்கு வருடத்துக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைக்கச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. தண்ணீர் வசதி இருந்தால் ஊடுபயிராக வாழை போடுங்கள், அதையும் அவர்களே சொல்கிறார்கள். எங்கள் தோப்பில் வாழை போட்ட பக்கம் நோய் ஓட்டம் தணிந்திருக்கிறது.

அரைத்த தூளை ஒரே இடத்தில் மலையாகக் குவித்து வைக்காதீர்கள். ஈரத்தோடு மட்கும் குவியல் என்றால் காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியும் அதுவும் ஒன்றுதான். கிளறிப் பார்த்தால் வெள்ளையாக, வளைந்து படுத்திருக்கும் புழு இருக்கும். வட்டப்பாத்தியில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு முழம் தள்ளி. குவித்துத்தான் ஆகவேண்டும் என்றால் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை (மெட்டாரைசியம்) கலந்து வையுங்கள், அடிக்கடி புரட்டிவிடுங்கள்.

---

பேராவூரணி_தோப்பு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம், எழுதுகிறேன்.

டிரைவர் அண்ணன் வழக்கமாக ஓட்டும் வேகம் மீட்டரில் 540 குறிக்கு ரொம்பக் கீழே இருந்தது. குறிக்கு ஏற்றியதும் தூள் விழும் தூரமே கூடிவிட்டது. வெல்டிங் வளைவை அறுத்து எடுத்தோம், உள்ளே கட்டைவிரல் கனத்துக்கு மணி துருத்திக்கொண்டு இருந்தது, அதில் நார் கொத்தாகத் தொங்கியது. பெல்ட் மூன்றும் வழவழப்பாக இருந்தன, மாற்றியாகிவிட்டது. குழாய் அடைப்பு இப்போது இல்லை. சோறு மிகவும் ஈரமாக இருக்கும் துண்டுகளை அப்பா மண்வெட்டியால் செதுக்குகிறார். கழியால் குத்துவதை விட அது அவருக்குப் பிடித்திருக்கிறது. சாவி என் பையில்தான்.

அக்கா சொன்ன பிறகு அடித்தண்டைத் தனியாக ஒதுக்கிவிட்டோம். அறுத்துப் பார்த்ததில் ஒரு மரத்தில் பழுப்பு என் இடுப்பு உயரம் வரை இருந்தது. அதை முன்பே சொன்னதற்கு நன்றி அக்கா.

மீதி இருப்பது ஒன்றுதான். தூளில் இன்னும் நீளச் சிம்பு நிறைய வருகிறது. ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்த்தால் ஒரு ஓரத்தில் ஒன்றரை மி.மீ., மறு ஓரத்தில் மூன்றுக்கு மேல். பிளேடை எவ்வளவு நகர்த்தினாலும் இரண்டும் சமமாக வரவில்லை.

---

ஆனைமலை_அரவை

அப்படி என்றால் பிளேடைத் திரும்பத் திரும்ப நகர்த்திப் பயனில்லைங்க. எதிர் பிளேடைக் கழற்றிப் பாருங்க. நடுவிலும் ஓரத்திலும் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தேய்ந்து வட்டமாகியிருக்கும். பழைய மெஷினில் மரத்தை எப்போதும் ஒரே ஓரமாக விட்டிருப்பார்கள், அந்த ஓரம்தான் போயிருக்கும். பல மெஷினில் எதிர் பிளேடுக்கு ஒன்றுக்கு மேல் முனை உண்டு, திருப்பி மாட்டினால் புது முனை வந்துவிடும். எல்லா முனையும் போயிருந்தால் புதுசு வாங்கித்தான் ஆகணும், வெல்டிங் வைத்துத் தேய்க்கச் சொல்லாதீங்க, சூட்டில் கடினம் போய்விடும்.

கழற்றும்போது அடியில் இருக்கும் இருக்கையைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்க. அங்கே சக்கை இறுகி ஒட்டியிருந்தாலே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை எடுத்துவிட்டு மாட்டி முதலில் அளந்து பாருங்க, சமமாக வந்துவிட்டால் செலவே இல்லை. ஓரம் ஓரமாக இல்லாமல் இனி மரத்தை ஹாப்பரின் (மரம் விடும் வாய்) முழு அகலத்துக்கும் மாற்றி மாற்றி விடச் சொல்லுங்க.

டிரம்மில் இருக்கும் பிளேடுகளின் எடையும் ஒன்றுபோல் இருக்கணும். ஒன்றை மட்டும் சாணை பிடித்து மாட்டினால் டிரம் ஆடும், பேரிங் போகும். தராசில் வைத்து ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்க. மாட்டிய பிறகு வெறும் டிரம்மை ஷாஃப்ட் பக்கமிருந்து கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, எங்கும் உரசவில்லை என்றால் மூடியைப் போடுங்க.